பாராட்டுப் பெட்டியும் பல் டாக்டரும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் பேரனும் எல்லா வகையிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. பேரனுக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் கூப்பிடாமல் தாளில் எழுதுகிறாரே, மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் பயப்பட வேண்டாம். போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். காரணத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் இதுதான். நம் ஊர்க் கவிஞர்களும் எழுத்தாளர்களும் கூடிப் பேச நீங்கள் அமைத்துக்கொடுத்த இணைய மன்றத்தை, இந்தக் கடிதம் கிடைத்த உடனே, சாப்பாடு பாதியில் இருந்தாலும் கை கழுவிவிட்டு வந்து, இழுத்து மூடிவிடவும். உங்கள் வேலையில் குறை சொல்லவில்லை. மன்றம் பளபளவென்றுதான் இருக்கிறது. மூலையில் என் படம் கூட இருக்கிறது. ஆனால் அந்தப் பாராட்டுப் பெட்டி இருக்கிறதே, அதுதான் எல்லாரையும் கெடுத்தது. தன் எழுத்தைப் போட விரும்புகிறவர் முதலில் மற்ற இருவருடைய எழுத்தைப் பாராட்ட வேண்டும், அதுவரை எழுதும் பெட்டி திறக்காது, ‘அருமை’ என்று ஒற்றைச் சொல்லில் தப்பிக்கவும் முடியாது என்பது என் யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் மாமா ஏதோ ஆசையில் சொல்கிறார் என்று விட்டிருக்கலாமே? அதை ஒரு எழுத்துக் கூடக் குறையாமல் அப்படியே செய்து கொடுக்கும் மாப்பிள்ளை எனக்கு வாய்த்தார். உங்கள் நேர்மையை எங்கே போய்ச் சொல்ல.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். மின்வாரியத்தில் துணை மின் நிலையக் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுவதையும் ஒரே நெடுங்கவிதையாக எழுதி வைத்திருக்கிறேன். ‘மின்னே என் மின்னே’. அதை இதுவரை ஒருவரும் முழுதாகப் படித்ததில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், எடை பார்ப்பார்கள், நல்ல கனம் என்பார்கள். ஒரே ஒரு ஆள், கடைசி வரி வரை, உண்மையாகப் படிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பாராட்ட வேண்டும் என்று கட்டாயம் வந்தால் படித்துத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். படிக்காமலேயே பாராட்ட முடியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நம் ஊர் எழுத்தாளர்களுக்கு முதல் நாளே தோன்றிவிட்டது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் மாஸ்டர் சரித்திரத் தொடர் எழுதுகிறார். அவர் எதைப் பார்த்தாலும் “காலத்தை வென்று நிற்கும்” என்று போட்டுவிட்டுத் தன் குதிரைப் படையை இறக்கிவிடுவார். அழகு நிலையம் வைத்திருக்கும் அம்மையார் காதல் கவிதை எழுதுகிறவர். அவர் என் கவிதைக்குக் கீழே “பிரிவின் வலி என்னைக் கொன்றுவிட்டது” என்று எழுதினார். அது மின்மாற்றிக்கு எண்ணெய் மாற்றும் பகுதி, மாப்பிள்ளை.

போன வாரம் ஒரு மதியம், போன் டிங் என்றது. நம் பல் டாக்டர். எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர், யாரையும் லேசில் மெச்சாதவர். அவர் என் நெடுங்கவிதைக்குக் கீழே, “இறுதிப் பகுதி என்னை உலுக்கிவிட்டது” என்று எழுதியிருந்தார். இறுதிப் பகுதி! அப்படியானால் அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் கடந்து வந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? எனக்குக் கால் தரையில் பாவவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அத்தையிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அதற்குள் அவருடைய கவிதையும் வந்து விழுந்தது. நான் உரக்க, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

கைப்பிடி கையோடு வந்துவிட்டது
கதவு அங்கேயே இருக்கிறது
நான் உள்ளே
வழி வெளியே
யாராவது வாருங்கள்

“என்னங்க, அவருக்கு ஏதோ ஆயிருக்குங்க” என்றாள் உங்கள் அத்தை.

“கவிஞன்னா அப்படித்தான் ஆவும். உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரிய என்ன இருக்கு? கதவு மாட்டிக்கிச்சுன்னு சொல்றாரு. போய்த்தான் பாருங்களேன்.”

“கதவுன்னா கதவு இல்லம்மா” என்று அவளுக்கு விளக்கம் சொல்ல உட்கார்ந்தேன். அந்த விளக்கத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நடந்தது என்னவென்றால், மதிய இடைவேளையில் அவர் ஆஸ்பத்திரியின் பின்னறைக்கு, பல் அச்சு எடுக்கும் மாவு எடுக்கப் போயிருக்கிறார். கதவு சாத்திக்கொண்டது. திறக்க இழுத்தால் கைப்பிடி கழன்று கையில் வந்துவிட்டது. வரவேற்பில் இருக்கும் பெண் அன்று லீவு. அந்த அறையில் போன் பேச சிக்னல் கிடையாது, வைஃபை மட்டும் எட்டும். சரி, வீட்டுக்காரம்மாவுக்குச் செய்தி அனுப்பலாமே என்றால், தினமும் காலையில் கவிதை அனுப்பித் தொல்லை செய்கிறார் என்று அந்தம்மா அவர் எண்ணை எப்போதோ தடுத்து வைத்துவிட்டார். அண்ணன் தம்பிகளும் அப்படியே. உலகத்தில் அவருக்குத் திறந்திருந்த ஒரே வாசல் நம் மன்றம்தான். அதுவும் திறக்கவில்லை! உள்ளே மாட்டிக்கொண்ட மனுஷன், வியர்த்து வழிந்துகொண்டு, காப்பாற்றுங்கள் என்று எழுதுவதற்கு முன்னால் இரண்டு பேரைப் பாராட்ட வேண்டியிருந்தது. அப்படிப் போட்டதுதான் எனக்கு வந்த பாராட்டு. மூச்சு வாங்கிக்கொண்டு எழுதியதால் வரி வரியாக உடைந்து வந்தது. மன்றம் அதைக் கவிதை என்று எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட வேகத்தைச் சொல்கிறேன். “‘யாராவது’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த நூற்றாண்டின் தனிமை கேட்கிறது” என்று முதலில் எழுதியது, வேறு யாருமில்லை, நான்தான். ஓட்டுநர் பள்ளி மாஸ்டர், “கதவு என்பது அதிகாரமா, அகங்காரமா?” என்று கேட்டுவிட்டு ஒரு கோட்டை முற்றுகையைப் பதிவேற்றினார். அழகு நிலைய அம்மையார், “‘வாருங்கள்’ என்பதை ‘வா’ என்று மாற்றினால் இன்னும் நெருக்கம் கூடும்” என்றார். டாக்டர் பொறுத்துப் பார்த்தார். மறுபடி இரண்டு பாராட்டு போட்டுவிட்டு, “இது கவிதை இல்லை, நிஜக் கதவு, யாருக்குமே அறிவில்லையா” என்று எழுதினார். அதற்கு மாஸ்டர், “கவிதை தன்னையே மறுக்கும் இந்த இடம் காலத்தை வென்று நிற்கும்” என்றார். அதிகப் பாராட்டு வாங்கிய எழுத்துக்கு நீங்கள் வைத்த கிரீடம் தானாகவே வந்து டாக்டர் தலையில் உட்கார்ந்தது.

அப்புறம் அந்த மனுஷன் ஒரு தந்திரம் செய்தார். எழுதும் பெட்டி எப்போதாவது திறக்கட்டும், பாராட்டுப் பெட்டியிலேயே உதவி கேட்டுவிடுவோம் என்று, கண்ணில் முதலில் பட்ட எழுத்துக்குக் கீழே, “உடனே வாருங்கள். ஆஸ்பத்திரி பின்னறையில் தனியாக இருக்கிறேன். இதற்கு மேல் தாங்க முடியாது” என்று போட்டார். அது அழகு நிலைய அம்மையாரின் ‘வருவேன் என்று சொல்’ என்ற காதல் கவிதை. அம்மையார் நெகிழ்ந்துபோய் ஒரு பூப்படம் பதில் போட்டுவிட்டார். அதை அவர் கணவர் பார்த்துவிட்டார். அவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கவிதை என்றால் என்னவென்றே தெரியாதவர். மன்றத்தில் சேராத அந்த ஒரே ஆள்தான் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே புரிந்துகொண்டு, கையில் கடப்பாரையோடு கிளம்பிப் போய், பின்னறைக் கதவைப் பெயர்த்தார். டாக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கணும்” என்று அழுதிருக்கிறார். அடிக்க வந்தவருக்கு அடிக்க இடமில்லாமல் போய்விட்டது. கடைசியில் ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பினாராம்.

டாக்டர் நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தலையிலிருந்து கால் வரை மாவு. “யோவ் கரண்ட்டு, கவிதையா அது? நான் சாவக் கெடக்கிறேன், நீ தனிமை கேக்குதுங்கிற!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டுப் போனார். மன்றத்திலிருந்து விலகுவதாக எழுதினார். அந்த அறிவிப்பைப் போடவும் இரண்டு பேரைப் பாராட்ட வேண்டியிருந்தது. மாஸ்டர் அதையும் சேர்த்துத் தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்கிறார்.

திட்டியது கூடப் பெரிதில்லை, மாப்பிள்ளை. “இறுதிப் பகுதி என்னை உலுக்கிவிட்டது” என்றாரே, அது பெட்டி திறப்பதற்காகப் போட்ட சொல். அதை நான் உங்கள் அத்தையிடம் காட்டினேன், பக்கத்து வீட்டில் காட்டினேன், பால்காரரிடமும் காட்டினேன். என் கவிதையை அவரும் படிக்கவில்லை. எவரும் படிக்கப் போவதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைவிட அதிகமாக வருத்தமாக இருக்கிறது. போனைப் பூட்டி வைத்ததும் இதனால்தான். ஆகவே மன்றத்தை மூடிவிடுங்கள். என் கவிதையையும் அதோடு சேர்த்து அழித்துவிடுங்கள். என் படத்தை மட்டும் மகளுக்கு அனுப்பி வைக்கவும், அது நன்றாக விழுந்த படம்.

மகளுக்கு எங்கள் ஆசிகள். பேரனுக்கு முத்தங்கள். நீங்கள் எடுத்த காரியமெல்லாம், இந்த ஒன்றைத் தவிர, சிறப்பாக நடக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மூட வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசலில் டாக்டர். உங்கள் அத்தை அவசரமாகக் காபி போடப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. “சார், அந்த டிரான்ஸ்ஃபார்மர் எதுக்கு சார் அழுவுது?” என்றார். எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்றேன். “கடைசியில சார். நீங்க ரிட்டயர் ஆகி வெளிய வர்றீங்க, அது ஓன்னு அழுவுது. அது வரைக்கும் நல்லாத்தான சார் போச்சு? அந்த மழையில ஃபியூஸ் போடப் போற இடமெல்லாம் எவ்வளவு நல்லா இருந்துச்சு! உள்ள உக்காந்து, யாரும் வரல, வேற வேலையும் இல்ல, மொத்தத்தையும் படிச்சேன். உலுக்குச்சுன்னு படிக்காமத்தான் போட்டேன். படிச்சதுக்கப்புறம் நிஜமாவே உலுக்கிருச்சு, கோவத்துல. கெடுத்துட்டீங்களே சார்!” மாப்பிள்ளை, பாராட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எங்கே பிடிக்கவில்லை, ஏன் என்று எழுத ஒரு பெட்டி வைக்கவும். அவர் வரி வரியாகத் திட்டத் திட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. “மனசு கஷ்டப்படாதீங்க சார்” என்று பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். கஷ்டமில்லை என்று சொல்லி, அடுத்த வரியையும் திட்டச் சொன்னேன். ஒரு மனுஷர் கடைசி வரி வரை படித்திருக்கிறார், மாப்பிள்ளை.