அப்பாவுக்கு அருகில் ஓர் ஊர்

பெற்றோர் எப்படி வேண்டுமானாலும் பிரியலாம், பிள்ளைகள் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு தொடங்கப்பட்டது, பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் இடமாற்ற ஒழுங்குமுறை அலுவலகம். திருச்செங்கோட்டுப் பிரவீனா அங்கே கேட்டது ஒன்றே ஒன்றுதான். கணவன் தமிழரசுவைப் பிரிந்துவிட்டாள். சேலம் அம்மாபேட்டையில் ஜவுளிக்கடை வேலை கிடைத்திருக்கிறது. ஆறாவது படிக்கும் மகள் தமிழினியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் இல்லாமல் அமெரிக்காவே கிடைத்தாலும் பிரவீனாவுக்கு வேண்டாம்.

அதிகாரி குழந்தைவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேலம் தூரமாம். தந்தையின் அண்மை பிள்ளையின் பிறப்புரிமையாம்.

"அவரு ரிக் வண்டியோட சத்தீஸ்கர்ல போர்வெல் போட்டுட்டு இருக்காருங்க. ஊட்டுப் பக்கம் வந்தே வருசமாச்சு."

"அப்பா எங்க வேணா போலாம்மா. விதி பிள்ளைக்குத்தான்."

ஆனாலும் குழந்தைவேல் நியாயஸ்தர். தந்தை ஊரில் இல்லையென்றால், தந்தை இருக்கும் இடம்தானே பிள்ளையின் ஊர்? ஆகவே ரிக் வண்டியே வசிப்பிடம் என்று முடிவாயிற்று. வண்டி போகும் ஊருக்கெல்லாம் தமிழினியும் போக வேண்டும். ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு டி.சி. தண்ணீர் வந்துவிட்டால் உடனே அடுத்த ஊர். அடியில் கடும்பாறையாக இருந்தால் காலாண்டுத் தேர்வு வரைக்கும்கூட இருக்கலாம் என்று ஆறுதல் சொன்னார்.

தமிழரசுவுக்குப் போன் போட்டார்கள். ரிக் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான்.

"புள்ள அவங்கம்மாகூடவே இருக்கட்டுங்க சார். இங்க எனக்கே படுக்க எடமில்லீங்க."

தந்தை தமது உரிமையின் அருமை அறியாதவர் என்று குழந்தைவேல் குறித்துக்கொண்டார்.

பிரவீனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "பெத்தவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். இன்னும் யாருங்க ஒத்துக்கணும்?"

அலுவலகம் நடுநிலையானது. ஒருவர் பக்கம் சாய்ந்தால் பாரபட்சம் ஆகிவிடாதா? இறுதி ஆணை வந்தது. தாயிடமும் வேண்டாம், தந்தையிடமும் வேண்டாம். தமிழினி நாமக்கல் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பெற்றோர் மாதம் ஒரு ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். பிரிவு இரு தரப்புக்கும் சரிசமமாகப் பங்கிடப்பட்டிருப்பதாக ஆணை பெருமைப்பட்டது. பிரவீனா பெட்டியை விடுதியில் இறக்கிவிட்டு, பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள்.

முதல் ஞாயிறு வந்தது. விடுதி வாசலில் தேர்க்கூட்டம். கையில் டிபன் கேரியரோடு அப்பா அம்மாக்கள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். ஜில்லாவில் இத்தனை குடும்பமா பிரிந்துபோயிற்று என்று அவள் மலைத்தாள். முன்னால் கணவனும் மனைவியுமாக ஒரே குடைக்குள் நின்றவர்களைப் பார்த்துக் குழம்பி, அந்தம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

"உங்க புள்ளைக்கும் அந்த ஆபீஸ்லதான் உத்தரவு போட்டாங்களாங்க?"

அந்தம்மா அவளைப் பொறாமையோடு ஏற இறங்கப் பார்த்தாள்.

"உத்தரவுலயே எடம் கெடச்சுதா சாமி? குடுத்து வெச்சவ. நாங்க ரெண்டு பேரும் சேந்து மந்திரி வரைக்கும் சிபாரிசு புடிச்சில்ல புள்ளைய உள்ள தள்ளுனோம்."