எடுத்துவிட்ட சட்டம்

தேயிலைத் தோட்டம், ஏலப்பாறை
ஆடி மாதம், செவ்வாய்

கொல்லங்கோடு மாமா காளிச்சாமி அவர்கள் சமுகத்துக்கு மருமகன் ஆறுச்சாமி வணங்கி எழுதுவது. இங்கு மழையும் அட்டைக்கடியும் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கு தங்கள் மகள் ராமாத்தாளும், காது குத்திய எங்கள் குழந்தையும், தங்கள் மூட்டுவலியும் எப்படி என்று அறிய ஆவல்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கம்பெனி வக்கீல் வேலையை விட்டுவிட்டேன். லண்டன் முதலாளி, திருவிதாங்கூர்த் தேயிலைக்காடு, பாண்டிச்சீமைக் கூலி ஜனம் மூன்றையும் ஒரே பத்திரத்தில் கட்டிப்போடுகிற வக்கீல் என்று சந்தையெல்லாம் சொல்லித்தான் தாங்கள் பெண் கொடுத்தீர்கள். அந்தப் பத்திரத்துக்கு உயிராக இருந்தது ஒரு சட்டம். கைரேகை வைத்தவன் கெடு முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் பிடித்து ஜெயிலில் போடலாம்.

காதுகுத்தன்று எனக்கு வந்த தந்தி நினைவிருக்கும். கருத்தப்பாண்டி என்ற ஆள், ஊரில் பெண்சாதி மாரித்தாய் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, சொல்லாமல் மலையிறங்கி, எல்லையில் பிடிபட்டுப் போலீஸ் கொட்டடியில் இருக்கிறான், வழக்கு நடத்த உடனே வரவும் என்று தந்தி. "கெடா வெட்டியாச்சுங்க மாப்பிள்ளை. கறி திங்காமப் போனா சனம் என்ன பேசுமுங்க? அவன் கொட்டடியிலதான இருக்கான், எங்க போயிருவான்?" என்றீர்கள். இருந்தேன், தின்றேன், வயிறு கெட்டு இரண்டு நாள் படுத்தேன், எழுந்து போனால் ரயில் போய்விட்டது, அடுத்த ரயிலில் வந்து மோட்டார் ஏறினால் அது பாதி மலையில் சேற்றில் புதைந்தது, கறுப்புக் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தேன், அட்டை ஏறாத இடம் உடம்பில் பாக்கியில்லை.

கோர்ட்டில் தொண்டையைச் செருமிச் சட்டத்தின் பெயரைச் சொன்னேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வக்கீலே, அந்தச் சட்டத்தைச் சர்க்கார் எடுத்துக் களைஞ்சு ரெண்டு மாசமாச்சு. கெஜட் வாசிக்கிறதில்லையோ?"

"மழையில தபால் வரலீங்க," என்றேன்.

கருத்தப்பாண்டியை விட்டுவிட்டார்கள். வெளியே அவன் அண்ணன் பெரியமுத்து காத்திருந்தான். மாரித்தாயை மூன்று நாளைக்கு முன் அடக்கம் செய்துவிட்டார்களாம். கருத்தப்பாண்டி அழவில்லை. என்னிடம் வந்தான்.

"ஐயா, சட்டத்தை எப்ப எடுத்தாக?"

"ரெண்டு மாசம் ஆச்சப்பா."

"என்னையப் பிடிச்சது போன வாரமில்ல?"

"ஆமா."

"அப்ப நான் எந்தச் சட்டத்துல உள்ள கெடந்தேன்?"

லண்டன் துரைமார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதியவன் நான். இதற்கு, கோட்டில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினேன். கருத்தப்பாண்டி தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, அண்ணனோடு மழையில் இறங்கிப் போனான்.

அன்றே மானேஜர் துரையிடம் ராஜிநாமாக் கொடுத்தேன். இனி இந்தக் கையால் பத்திரம் எழுதமாட்டேன் மாமா. தங்கள் தோப்பில் தென்னைக்குத் தண்ணீர் கட்டியாவது பிழைத்துக்கொள்கிறேன். மாமிக்கு என் நமஸ்காரம். குழந்தைக்குக் காதுப்புண் சீக்கிரம் ஆறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
ஆறுச்சாமி

பின்குறிப்பு: தபால்காரர் வருமுன் துரையே வீடு தேடி வந்துவிட்டார். ராஜிநாமாவைத் திருப்பிக் கொடுத்து, ஜெயில் இல்லாமல் ஆளை நிறுத்த வழியுண்டா என்று கேட்டார். ஒருவன் ஓடினால் அவன் பிள்ளைகுட்டி, தாய் தகப்பன் எல்லோரும் அன்றே கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதிக் கொடுத்தேன். இப்போதுள்ள எந்தச் சட்டத்திலும் இடிக்கவில்லை. பழையதைவிடக் கெட்டி என்று துரை கைகொடுத்தார். லண்டனுக்கும் அனுப்புகிறாராம். ஆகையால் மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். ராமாத்தாளை இங்கே அனுப்பும்போது கையில் ஒரு கம்பளி கொடுத்து அனுப்பவும்.