அரசு ஹெலிகாப்டருக்கு நான் போட்ட 'எச்'

எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன். என்னால் நடந்த நாசமெல்லாம் இந்த ஒரு நல்ல குணத்தால்தான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருப்பூர், ஓசூர் என்று அலைந்து, லாரி ஷெட்டுகளில் படுத்தெழுந்து, கடைசியில் நெய்வேலிக்குப் பக்கத்தில் மந்தாரக்குப்பத்தில் வந்து விழுந்தேன். பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த செல்வியைக் கட்டிக்கொள்ள ஆசை. அவள் அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "மைன்ஸ் உள்ள வேலைக்குப் போற கேட் பாஸ் வாங்கிக்கினு வா. அதுவரைக்கும் என் வூட்டுப் பக்கம் தலைகாட்டாத."

அந்த வாரம் ஓர் அமைச்சர் அரசு ஹெலிகாப்டரில் நெய்வேலிக்கு வருவதாக இருந்தது. மைதானத்தைத் தயார் செய்யும் கான்ட்ராக்டில் நானும் சேர்ந்தேன். சூப்பர்வைசர் சொன்னார்: "தூசி பறக்கக் கூடாது. நடுவுல சுண்ணாம்பு கரைச்சுப் பெருசா ஒரு எச் போடு. ஒழுங்கா முடிச்சா உனக்குக் கேட் பாஸ்."

விடுவேனா? மூன்று டேங்கர் தண்ணீர் அடித்தேன். ஆனால் கரைத்த சுண்ணாம்பு ஈரமண்ணில் பரவி, எச் கொழுக்கட்டையானது. முன்பு ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டது நினைவு வந்தது. ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூளை அப்படியே கொட்டி, விளிம்பு பிடித்தேன். (அச்சடித்த மாதிரி இருந்தது. போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.)

"தூசி பறக்குமா?" என்றார் சூப்பர்வைசர், தூரத்திலிருந்து.

"ஒரு பொட்டு பறக்காது சார்!"

ஹெலிகாப்டர் இறங்க இறங்க, என் எச் எழும்பியது. பைலட் பதறி மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எச்சே இல்லாத மைதானத்தில் இறக்கினார். மாலையோடு நின்ற அதிகாரிகள் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்போல இருந்தார்கள். தும்பைப்பூ வேட்டியில் இறங்கிய அமைச்சர், "எல்லாரும் வெள்ளையில வரணும்னு யாருங்க சொன்னது?" என்றார்.

"எவன்டா போட்டது?" சூப்பர்வைசர் கத்தினார். முழங்கை வரை வெள்ளையாக இருந்த கையைத் தூக்கினேன். கயிற்றுக்கு அப்பால் வேடிக்கை பார்க்க வந்த ஒரு வெள்ளை மீசை என்னை முறைத்தது. செல்வியின் அப்பா. காலையில்தான் டை அடித்திருந்தார்.

"நீதானா?" என்றார், மீசையைத் தட்டிக்கொண்டே.

கேட் பாஸ் காற்றோடு போயிற்று. மறுநாள் காலை பக்கெட்டும் பிரஷ்ஷுமாக சூப்பர்வைசர் முன் நின்றேன். "கரைச்சே கொண்டாந்திருக்கேன் சார்." விரட்டினார். அடுத்த நாளும் நின்றேன். ஐந்து மாதம் டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சாலையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்தேன். ஆறாவது மாதம் அவரே கொடுத்த பாஸோடு வடக்குத்துக்குப் போனேன். செல்வியின் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள என்னா வேல? பவுடர் கிவுடர் இல்லியே?"

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றும் நான் முகத்துக்குப் பவுடர் டப்பாவை எடுத்தால், "அம்மா, ஃபேன நிறுத்து!" என்று மகள் அலறுகிறாள். மாமனார் துண்டால் மீசையை மூடிக்கொள்கிறார்.