ஊரப்பாக்கத்தில் இட்லி நின்றுபோன விவரம்

ஊரப்பாக்கம்,
வியாழக்கிழமை காலை, வெறும் வயிறு.

சிரஞ்சீவி பத்ரிக்கு,

உன் அத்திம்பேர் ராஜகோபாலனின் ஆசிகள். ஹைதராபாத்தில் நீயும் குழந்தைகளும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா நாகலக்ஷ்மி பரம சௌக்கியம். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் அக்கா பார்த்துவிடுவாள். என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். போன மாதம் அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பினாயே, கோட்டு போட்ட ஒருத்தர் வந்து, காலையில் சாப்பிடுவதுதான் சகல வியாதிக்கும் காரணம், மத்தியானம் வரை வயிற்றைக் காயப்போட்டால் ஆயுசு நீளும் என்று பேசினாரே, அதை அவள் ஒரே ஒரு தடவை பார்த்தாள், எழுந்துபோய் கிரைண்டரைத் துடைத்துத் துணி போட்டு மூடினாள், அத்தோடு இந்த வீட்டில் இட்லி நின்றது. மறுநாள் காலை வழக்கம்போலத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். "ஏன்னா, எதுக்கு உக்காந்துண்டிருக்கேள்? பன்னெண்டு மணிக்கு மேலதான்" என்றாள். நீ அரை நிஜார் போட்ட நாளிலிருந்து உன்னைத் தெரியும் என்பதால் டா போட்டே கேட்கிறேன். ஏண்டா, அந்த வீடியோவை அனுப்ப உனக்கு வேறு அக்காவே இல்லையா?

சிறுசேரியில் வேலை பார்க்கும் மிருதுளாவிடம் முறையிட்டேன். பெற்ற பெண்ணாயிற்றே, அப்பா பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "ஆட்டோஃபேஜிப்பா, நல்லதுதான். உடம்பு தன்னைத்தானே சாப்டுக்கும்" என்றாள். என்னை நானே சாப்பிடவா இத்தனை வருஷம் வேலைக்குப் போய் ரிட்டயர் ஆனேன்? டாக்டரிடம் போனேன். "சில பேருக்கு ஒத்துக்கும், சில பேருக்கு ஒத்துக்காது. உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளுங்க சார்" என்றார். என் உடம்பு என்ன சொல்கிறது என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், உன் அக்காவுக்கு மட்டும் பசிப்பதே இல்லை. காலையில் வாக்கிங் என்று கிளம்புகிறாள், வெயில் ஏறியபிறகு முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பி வருகிறாள், "பழகிட்டா ஒண்ணுமே தெரியலை, பாத்தேளா" என்கிறாள். இளைத்தாளா என்றால் அதுவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு விரத யோசனை தோன்றியது. நம் வீடுகளில் விரதம் என்றால் என்ன? பகலில் ஒரு வேளை சாதம், ராத்திரி சாதத்தை விட்டுவிட்டுப் பலகாரம். பலகாரம் என்றால் தோசை, அடை, ரவா உப்புமா. காலையில் கிடைக்காததை ராத்திரி வாங்கிக்கொள்ளலாமே என்று சனிக்கிழமை விரதம் என்றேன். தோசை வந்தது. ஏகாதசி என்றேன், உப்புமா வந்தது. அமாவாசைக்கு அடை. ருசி கண்டுவிட்டதால் திருவோணம், வியாழக்கிழமை என்று பஞ்சாங்கத்தில் இண்டு இடுக்கு விடாமல் தேட ஆரம்பித்தேன். உன் அக்காவும் கிரைண்டரைத் தொடாமல், மிக்ஸியிலேயே அரைத்து, முகம் சுளிக்காமல் வார்த்துப் போட்டாள். சந்தோஷமாக இருந்தேன் பத்ரி, பொய் சொல்வானேன்.

அது பொறுக்காமல் அவள் போய் மாடி வீட்டுத் தோத்தாத்ரியிடம் பெருமையாகச் சொல்லிவைத்தாள். அவர் எங்கள் காலனி பஜனை மண்டலிக்குத் தலைவர். நேரே வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு சிரத்தையா! வர்ற ஏகாதசிக்கு நீங்கதான் மேடையில உக்காரணும்" என்று சொல்லி, சொன்னபடியே காலையிலிருந்து சாயங்காலம் வரை மாலையைப் போட்டு உட்காரவைத்தார். பச்சைத் தண்ணீர் கிடையாது. பெரியவர் வாயில் தண்ணீர்கூடப் படாது என்று அவரே மைக்கில் அறிவித்துவிட்டார், நான் என்ன செய்ய? வீட்டுக்கு வந்து தோசை எங்கே என்றால், உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு பக்திக்குப் பலகாரம்லாம் எதுக்குன்னா? இனிமே விரத நாள்ல பாலும் பழமும் போதும்" என்று ஒரு வாழைப்பழத்தை நீட்டுகிறாள். காலையும் போச்சு, ராத்திரியும் போச்சு. இன்றைக்கும் விரதம். வாரத்தில் பாதி நாள் விரதம் என்று என் வாயாலேயே சொல்லித் தொலைத்திருக்கிறேன், எந்த முகத்தோடு வாபஸ் வாங்குவது?

ஆகவே, நீ உடனே உன் அக்காவுக்கு போன் செய். காலை உணவுதான் உயிருக்கே ஆதாரம் என்று வேறொரு கோட்டுக்காரர் சொல்கிறார் என்று சொல். அப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார், தேடிப் பார். நான் சொல்லிச் சொன்னதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் பரிபூரண ஆசீர்வாதம். எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பட்டினி கிடக்கும் அத்திம்பேர்,
ராஜகோபாலன்

பின்குறிப்பு: உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், சாம்பார் கறையைப் பொருட்படுத்தாதே. கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு ரயிலடி கூரியர் கடைக்கு வந்தால் இன்னும் திறக்கவில்லை. எதிரே ஹோட்டல். நெய் வாசனை. உள்ளே போய் ஒரு மேஜையில் உட்காரப் போனேன். "சார், அந்தாண்ட குந்து. இது அக்கா சீட்டு. டெய்லி வந்துகினு கீறாங்க, தோ கை கழுவப் போயிருக்காங்க" என்றான் சர்வர். அக்கா கை கழுவிக்கொண்டு வந்தாள். வாக்கிங் ஷூவோடு, உன் அக்கா.

"இன்னிக்கு விரதம்னேளே?" என்றாள். "நீ மத்தியானம் வரைக்கும் சாப்பிட மாட்டியே?" என்றேன். அதற்குள் அவளுக்குப் பொடி தோசை வந்தது. "இத்தனை வருஷமா நான் வார்த்த தோசையைக் கடைசில நானேதான் ஆறிப்போய் சாப்டிருக்கேன். யாராவது வார்த்து எடுத்துண்டு வந்து முன்னால வெச்சா எப்படி இருக்கும்னு பாக்க ஒரு நாள் வந்தேன். அப்புறம் விட முடியலை" என்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சூடா இருக்கு" என்றாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். எனக்கு ஒரு பொங்கல் சொன்னாள்.

ஆகவே பத்ரி, நீ போன் செய்யாதே. மேலே எழுதியதெல்லாம் ரத்து. நாளையிலிருந்து நானும் வாக்கிங் போகிறேன். அந்தக் கோட்டுக்காரர் வீடியோவை எனக்கும் ஒரு தடவை அனுப்பி வை. என்மேல் இரக்கப்பட்டு உன் அக்கா மறுபடி கிரைண்டரைத் திறந்துவிட்டால், அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.