முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது

கணக்காளர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அந்தச் சின்ன நகைச்சுவை அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பேன்ட் ஜிப்பைப் பார்த்தார். ஒழுங்காகத்தான் இருந்தது. பார்த்ததற்கு இன்னொரு சிரிப்பு.

எல்லாம் இணையத்தில் படித்த வினை. போக்கர் சீட்டு ஆடுகிறவன் முகத்தில் எதையும் காட்டமாட்டான், பொய் சொல்கிறவன் மூக்கைத் தொடுவான், எதையும் சதவீதம் போட்டுத்தான் யோசிக்க வேண்டும் என்று தினம் ஒன்றைக் கண்டுபிடித்து, சாப்பாட்டு மேஜையில் மனைவிக்குப் பாடம் எடுப்பார். கடைசியாகக் கண்டுபிடித்தது, சொந்தக் கதையைச் சொன்னால் கூட்டம் சிரிக்கும் என்பது. சொந்தக் கதை என்றால் மனைவிதான். விஷயம் அவள் காதுக்கு எட்டினால் குடித்தனம் அம்போ.

எட்டாது என்று கணக்குப் போட்டிருந்தார். வாராவாரம் போகும் யோகா வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சொல்லும்போது மூக்கைத் தொடவில்லை. இங்கேயும் வழக்கமாகப் பேசுகிற யாரோ வராததால்தான் இவருக்கு இடம் கிடைத்தது. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இரண்டே சதவீதம்.

முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். முன்வரிசைக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கைதட்டல்.

"எதுக்குங்க சிரிக்கிறீங்க?" என்றார் பரிதாபமாக. அதற்கும் சிரித்தார்கள்.

பேச ஆரம்பித்தால் அடங்குவார்கள் என்று தொண்டையைச் செருமினார். "அறிவுபூர்வமா யோசிச்சுப் பார்த்தா..."

"தொண்ணூறு சதவீதம் நான் சொல்றதுதான் சரி" என்று அரங்கமே சேர்ந்து முடித்தது.

அது வீட்டில், மனைவியிடம் மட்டும் அவர் சொல்கிற வாக்கியம். தயாரித்து வந்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கினார்.

படியருகே தொகுப்பாளினி சிரித்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நான் ஒரு ஜோக்கும் சொல்லலையே?"

"தேவையே இல்ல சார். வாராவாரம் யோகா பாயைக் கக்கத்துல இடுக்கிட்டு ஒரு மேடம் வந்து, அச்சு அசலா உங்களை மாதிரியே நடிச்சுக் காட்டுவாங்க. இன்னைக்கு அவங்க லீவு. அதுக்காக ஒரிஜினலையே அனுப்பி வைப்பாங்கன்னு நாங்க நினைக்கல."