வழக்கம்போல ஒரு பேனர்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பிளக்ஸ் கடையில பேனரை வாங்கிட்டுப் போயி, எம்பொண்ணு படிக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடத்துல குடுக்கணும். அவ்வளவுதான்!

ஒரு வேலையும் எனக்கு உருப்படியா செய்யத் தெரியாதுன்னு ஊட்டுக்காரம்மா அடிக்கடி சொல்லும். அது சொல்லி இதுவரைக்கும் தப்பாப் போனதில்லைங்க.

எம்பொண்ணு யாழினி மூணாங்கிளாஸ். கண்ணு கொஞ்சம் பெருசு. வகுப்புல எல்லாரும் சேர்ந்து 'முட்டக்கண்ணி'ன்னு பேரு வெச்சுட்டாங்க.

"நாமக்கல் பக்கம் முட்டைக்கு இருக்கற மரியாதை யாருக்கு இருக்குது சாமி? பெருமைதான!"ன்னு சமாதானம் சொல்லிப் பாத்தேன்.

"அப்ப அந்தப் பேரை நீங்களே வெச்சுக்கோங்க!"ன்னு அழுதுட்டு, இனிமேப் பள்ளிக்கூடமே போகமாட்டேன்னு உக்காந்துட்டா. ராத்திரி புள்ள சோறு திங்காமயே படுத்துட்டா.

மறுநாள் நேராப் போயி தலைமை ஆசிரியையை ஒரு பிடி பிடிச்சேன். "ஏனுங்க மேடம், பட்டப்பேரு வெச்சுக் கூப்புடறதெல்லாம் ஒரு பழக்கமுங்களா? இதையெல்லாம் கண்டிக்க வேண்டாமுங்களா?"

அவங்க பொறுமையாக் கேட்டாங்க. "ரொம்பக் கரெக்டுங்க. வெள்ளிக்கிழமை பெத்தவங்களையும் கூப்பிட்டு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வெச்சரலாம். பேனரை மட்டும் நீங்க பாத்துக்கோங்க."

வாய் இருக்கறவனுக்கு வேலையும் இருக்கும்.

வெளிய வந்ததும் பிளக்ஸ் கடை உதயனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "உதயா, நம்ம ஸ்கூலுக்கு ஒரு பேனர். 'பட்டப்பெயர் வைத்து அழைக்காதீர்'னு பெருசா போட்டுரு. கீழ வரவேற்கறவங்க பேரு, போட்டோ எல்லாம் வழக்கம்போலப் போட்டுரு."

வழக்கம்போல! இந்த ஒரு வார்த்தைய மட்டும் முழுங்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை போனேன். பேனரைச் சுருட்டிக் கையில குடுத்தான். "ஒருக்கா விரிச்சுப் பாத்துருங்கண்ணா."

"உன்ற வேலைய நான் சரிபாக்கோணுமா?"ன்னு பெருந்தன்மையா கிளம்பிட்டேன்.

பள்ளிக்கூடத்துல பசங்க வரிசையா உக்காந்திருந்தாங்க. யாழினியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்திருந்தோம். வார்டு மெம்பர் செல்வராஜும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சரஸ்வதியக்காவும் நாற்காலியில.

மேடம் அருமையாப் பேசுனாங்க. "ஒவ்வொருத்தருக்கும் அப்பா அம்மா ஆசையா வெச்ச பேரு இருக்குது. அதைச் சொல்லித்தான் கூப்புடோணும். எங்க, எல்லாரும் இந்தப் பேனரைப் படிங்க பாக்கலாம்!"

விரிச்சோம்.

"பட்டப்-பெயர்-வைத்து-அழைக்-காதீர்!" பசங்க கோரஸாப் படிச்சாங்க. நான்தான் முதல்ல கைதட்டுனேன்.

பசங்க நிறுத்தலைங்க.

"அன்புடன்-வரவேற்கும்... வார்டு உறுப்பினர் 'போண்டா' செல்வராஜ்!"

எனக்குக் கைதட்டு நின்னுபோச்சு.

"தலைவி 'சவுண்டு' சரஸ்வதி! தலைமை ஆசிரியை 'கொட்டு' டீச்சர்!"

எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராத பசங்கன்னு போன மாசம் இதே மேடம்தான் வருத்தப்பட்டாங்க. அன்னிக்கு ஒருத்தன்கூட ஒரு எழுத்துத் தப்பு விடலை!

"எவன்டா அவன் என்னைய சவுண்டுன்னு போட்டது?"ன்னு சரஸ்வதியக்கா கேட்டது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

மேடத்தோட விரல் தன்னால மடங்கி எந்தலைப் பக்கம் வந்துச்சு. விழிப்புணர்வுக் கூட்டம்னு ஞாபகம் வந்து கைய எறக்கிட்டாங்க.

போண்டா அண்ணனுக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோசம். "போட்டோ நல்லா விழுந்திருக்குதுங்க"ன்னாரு.

உதயனுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல வெச்சேன். புத்திசாலித்தனம்! "ஏன்டா இப்படிப் பண்ணுன?"

"நீங்கதானுங்கண்ணா வழக்கம்போலப் போடச் சொன்னீங்க! கோயில் நோம்பி, காதுகுத்து எல்லாத்துக்கும் இப்படித்தான போடறோம்? பட்டப்பேரு இல்லாமப் போட்டா நம்மூருல யாருன்னு தெரியுமுங்களா? மேடத்துகிட்ட நானே கொட்டு வாங்கிப் படிச்சவனுங்க!"

மேடம் முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதுக்குள்ள பசங்க கடைசி வரிக்கு வந்துட்டாங்க. "விழா ஏற்பாடு... 'ஓசிப்பேப்பர்' முருகேசன்!"

எனக்கே சிரிப்பு வந்துருச்சு. "ஊருக்குள்ள நாலஞ்சு முருகேசன் இருக்கறாங்களே, இதுல யாருங்க ஓசிப்பேப்பர்?"

எல்லாரும் என்னையே பாத்தாங்க. நிமிந்து பேனரைப் பாத்தேன். கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு நான்தான் சிரிச்சுட்டு இருந்தேன்.

போண்டா அண்ணன் காதுகிட்ட வந்து மெதுவாச் சொன்னாரு. "டீக்கடைக்கு வந்து டீ குடிக்காம பேப்பரை மட்டும் படிச்சுட்டுப் போவீங்கல்லங்க, அதானுங்க. ஊருக்கே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பசங்க சிரிச்ச சிரிப்புல, யாழினி எங்க ஒளிஞ்சுக்கறதுன்னு தெரியாம அவங்கம்மா முந்தானைக்குள்ள பூந்துட்டா. போச்சு, இனி ஜென்மத்துக்கும் புள்ள பள்ளிக்கூடம் போகாதுன்னு ரெண்டு நாள் நான் சரியாத் தூங்கலை.

திங்கக்கிழமை காலையில பாத்தா, யாழினி பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறா!

"போறயா சாமி? அந்தப் பேரைச் சொன்னாங்கன்னா?"

"இனிமே யாரும் சொல்லமாட்டாங்கப்பா. எங்க கிளாஸ் கவினு அன்னிக்கே எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டான்."

"என்னன்னு?"

"'விடுங்கடா, பாவம். அவங்கப்பா பேரு இதவிட மோசம்'னு."

புள்ளையால பேரு எடுக்கணும்னு எல்லா அப்பனுக்கும் ஆசை இருக்கும், நான் எடுத்துட்டேனுங்க!