ஒலிவாங்கிக்குப் போட்ட மாலை

பக்தி நல்ல விஷயம்தான். ஆனால் சம்பளம் தருகிறவரின் பொருட்களில் அதைக் காட்டக் கூடாது. இதை நான் இத்தாலியின் பலெர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் உள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கற்றுக்கொண்டேன்.

அங்கே கூட்டித் துடைப்பது என் வேலை. முதலாளி வயதான ஆங்கிலேயர். எல்லோருக்கும் அவர் மாயெஸ்த்ரோ, இசை ஆசான். இளமையில் அவர் வேலை பார்த்த லண்டன் கூடத்தில்தான் நாட்டுப்பாடலும் ஜாஸும் கலந்த ஒரு புகழ்பெற்ற இசைத்தட்டு பதிவானது. (அதில் இவருடைய பங்கு தேநீர் ஊற்றியது.) அந்தக் கூடம் மூடியபோது, அந்தத் தட்டுக்காகப் பாடகி பாடிய மைக்கை வாங்கி வந்துவிட்டார். அதைத் தரிசிக்கவே தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் சரஸ்வதி பூசை வந்தது. என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் தங்கும் அனுமதி, புதுப்பிக்கப்பட வேண்டுமென்றால் அவர் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அவரைக் குளிர்விக்க என் மூளை (இருந்த அளவுக்கு) ஒரு வழி கண்டுபிடித்தது. விடியவே போய், மைக்கைத் தாங்கும் கம்பிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மஞ்சள் செவ்வந்தியில் பெரிய மாலை கட்டிப் போட்டு, விளக்கேற்றிவிட்டுப் பின்னறையில் கடலை அவிக்கப் போனேன்.

இத்தாலியில் செவ்வந்தி கல்லறைக்குப் போகும் பூ. பூக்கடைக்காரி என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எவ்வளவு அன்பான ஊர் என்று நினைத்தேன்.

முதலில் வந்த டிரம்ஸ்காரர் மாலையையும் விளக்கையும் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு, "மாயெஸ்த்ரோ!" என்று அலறினார். நான் கடலையோடு வெளியே வரும்போது வாத்தியக் குழு முழுவதும் அழுதுகொண்டிருந்தது. மாயெஸ்த்ரோவோடு தினமும் சண்டை பிடிக்கும் பியானோக்காரர்தான் பெரிதாக விம்மினார்: "இப்படி ஒரு காது இந்த ஊரில் எவனுக்கும் இல்லை. அதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லையே!"

வாசலில், காலை உணவுக்குப் பாண் வாங்கிய பையோடு மாயெஸ்த்ரோ நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. டிரம்ஸ்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஒப்பந்தம் போயிற்று, பெர்மெஸ்ஸோவும் போயிற்று என்று மாலையைக் கழற்றப் பாய்ந்தேன்.

"விடடாப்பா, கிடக்கட்டும்," என்றார் மாயெஸ்த்ரோ. (அவர் பேசியது இத்தாலியன். என் மனதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது.) "எனக்கு உந்தப் பூவிலை கோபமில்லை. இவ்வளவு நல்லாக் கதைக்கிறாங்கள், நீ ஏன் மைக்கைப் போட்டுவிடேல்லை?"

பியானோக்காரரை மைக்கின் முன்னால் நிறுத்தி, சொன்னதையெல்லாம் மறுபடி சொல்ல வைத்துப் பதிவு செய்த பிறகே என் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இப்போது ஒவ்வொரு பூசைக்கும் செவ்வந்தியை அவரே வாங்கி வருகிறார்.

அந்தச் செவ்வந்திக் கதையிலிருந்து வீட்டில்தான் எனக்கு விடுதலை இல்லை. போன கலியாண நாளுக்கு ஆசையாக ரோஜாப்பூ வாங்கிக்கொண்டு போனேன். மனைவி கதவைத் திறந்து, பூவைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, ஆர் செத்தது?"